வம்சம் கேட்ட சடையன்

நாய்கள் நம்மோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சடையன் என்று ஓர் ஆட்டுக்காரன் இருந்தான். அவன் பட்டியில் ஓநாய் புகுந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு குட்டிதான் மிஞ்சியது. அதுவும் போனால் அவனும் அவன் மனைவி பொன்னாச்சியும் பட்டியைக் கலைத்துவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு மாலை, காவல் வேலை கேட்டு இரண்டு நாய்கள் வந்தன.

அந்த ஊர் ஆட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் தம் வம்சத்தைச் சொல்லி முடிக்காமல் கஞ்சி ஊற்ற மாட்டார்கள். கஞ்சி குடிக்காதவர் பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது.

ஒட்டிய வயிறும் நெடுங்காலுமாக நின்ற நாய் ஆரம்பித்தது. “எங்கப்பா சூறை. அவருக்கு அப்பா மின்னல். அவருக்கு அப்பா...”

“அடேயப்பா, சுத்தமான வம்சம்!” என்று பூரித்த சடையன் மற்றதைப் பார்த்தான். செவலையும் கறுப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு. ஒரு காது நிமிர்ந்திருந்தது, ஒரு காது மடங்கியிருந்தது. “நீ யாரு வம்சம்?”

“அம்மா சந்தைப்பேட்டைக்காரி. அப்பா யாருன்னு கேட்டா அம்மாவே சிரிக்கும்.”

சடையனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வம்பும் அங்கேதான் தொடங்கியது. நெட்டையைப் பார்த்தால் அதுதான் வேண்டும் போலிருந்தது. கலப்பு நாயைப் பார்த்தால் விட மனமில்லை.

“ஏ பொன்னாச்சி, எதைப் பிடிச்சுக் கட்ட?”

“ரெண்டையும் கட்டு.”

“ரெண்டுக்கும் ஊத்தினா நாம எதைக் குடிக்கிறது?”

அப்போது கலப்பு நாயின் நிமிர்ந்த காது விறைத்தது. “பட்டிக்குப் பின்னால ஓநாய் நிக்குது. உள்ள போகட்டா?”

“முதல்ல உன் அப்பா பேரைச் சொல்லு!”

“குட்டி போயிரும்ணே!”

சடையன் நெட்டையிடம் திரும்பினான். “நீயாவது ஓடேன்!”

“பாதி வம்சம்தான் ஆகியிருக்கு. நடுவுல நிறுத்தினா தாத்தாக்களுக்கு அவமானம்.”

குட்டி கத்தியது. சடையன் அந்தப் பக்கம் ஓரடியும் இந்தப் பக்கம் ஓரடியும் வைத்துத் தவித்தான். பொன்னாச்சி கலயத்தைத் தூக்கி, இருந்த கஞ்சியெல்லாம் ஒரே தொட்டியில் கொட்டினாள்.

“பேரும் வேணாம், ஊரும் வேணாம். நக்கிட்டு ஓடுங்க!”

இரண்டும் ஒரு வாய் நக்கிவிட்டுப் பாய்ந்தன. கலப்பு வழிகாட்ட, நெட்டை ஓநாயை எட்டிப் பிடித்தது. ஓநாய் குட்டியைப் போட்டுவிட்டு ஓடியே போனது.

மூச்சிரைக்கத் திரும்பிய நாய்களின் முன்னால், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சடையன் உட்கார்ந்தான். அப்போதும் அவன் குழப்பம் தீரவில்லை.

“சரி, உங்கள்ல யாரை வச்சுக்கட்டும்?”

இதற்கு மேலும் இப்படி ஒரு கேள்வியா? ஒன்று தலையை வலப்பக்கம் சாய்த்தது. மற்றது இடப்பக்கம் சாய்த்தது. எவ்வளவு தேடியும் இரண்டுக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. பிறகு எப்போதுமே கிடைக்கவில்லை.

அன்று முதல்தான், நாம் எதைக் கேட்டாலும் நாய் பதில் பேசாமல், தலையைச் சாய்த்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.