அழிக்காமல் கிடைத்த இடம்

தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனி. அதன் சர்வர் அறையில் ஒப்பந்த வேலை பார்த்தவள் அல்போன்சா. ஒருநாள் காலையில் எல்லா டிஸ்க்கும் நிரம்பிப்போய், புதுச் சரக்குச் சீட்டு எதுவும் பதிவாகவில்லை. முதலாளி தெய்வநாயகம் மானேஜர்கள் புடைசூழ வந்து நின்றார்.

"ஏம்மா, சாயங்காலத்துக்குள்ள பாதி இடம் காலியாகணும். புது டிஸ்க் வாங்க மாட்டேன். ஒரு ஃபைலும் அழியக் கூடாது. முடியலைன்னா நாளையிலேர்ந்து வராதே."

"சரிங்க சார்" என்றாள் அவள்.

சாயங்காலம் பாதிக்கு மேலேயே காலியாகியிருந்தது. தெய்வநாயகத்துக்குச் சந்தேகம். "எதை அழிச்சே?"

"எதையும் அழிக்கலை சார். ஒரே ஃபைல் நூறு இடத்துல கிடந்தா, ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்த இடத்துலேர்ந்து அதுக்கு வழிகாட்டுற வசதி சர்வர்லயே இருக்கு. அதைப் போட்டுவிட்டேன்."

"அப்படி எந்த ஃபைல் இவ்வளவு இடத்தை அடைச்சுது?"

"வருஷா வருஷம் நீங்க பேசுற புத்தாண்டு உரை சார். எல்லார் கணக்குலயும் வீடியோவாப் போடச் சொல்லி, யாரும் அழிக்கக் கூடாதுன்னு உத்தரவும் போட்டிருக்கீங்க."

மானேஜர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"இனிமே அவங்க பார்க்கணும்னா?" முதலாளி பதறினார்.

"தாராளமாப் பார்க்கலாம் சார். ஆனா இதுவரைக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்லதான் திறந்து பார்த்திருக்காங்க."

"யாரோடது?"

"உங்களோடது சார்."

பின்னால் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். தெய்வநாயகம் திரும்பி முறைத்ததும் இருமல் நின்றது.

"சரி சரி, நாளைக்கு நேரத்துக்கு வந்து சேரு" என்று அல்போன்சாவிடம் சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.