கடமான் கொம்பும் காவல்காரர் சட்டையும்

மனிதன் பேசுவது கடமானுக்கும், கடமான் பேசுவது மனிதனுக்கும் புரிந்த அந்தக் காலத்தில், இரண்டு நாடுகளுக்கு நடுவே ஒரு மலைக் கணவாய் இருந்தது. அதைப் பதினோரு காவல்காரர்கள் காத்துவந்தார்கள். மழையும் பனியும் ஓயாத இடம். அதனால் தடித்த கம்பளியில், உடம்போடு ஒட்டி இடுப்பளவு நிற்கும் சட்டை போட்டிருந்தார்கள். முள்ளுக்குக் கிழியாது. மார்பில் நான்கு இடத்தில் கம்பளிக் கயிற்றால் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள்.

அவற்றைத் தைத்தவன் நல்லணன். அதிகம் பேசமாட்டான். ஒரு தையல் கோணினாலும் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பான்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் போட்டிருக்கும் சட்டைமேல் கத்தரி படக்கூடாது. செத்தவன் சட்டையைத்தான் அப்படி வெட்டிக் கழற்றுவார்கள். உயிரோடு இருப்பவன் சட்டையை வெட்டிவிட்டால், அவனும் செத்தவன் கணக்கில் சேர்ந்துவிடுவான். பிறகு காவலிலும் இடமில்லை, பந்தியிலும் இடமில்லை.

கடமானுக்கோ அப்போதெல்லாம் கொம்பு விழாது. வளர்ந்துகொண்டே போகும். வயது ஏற ஏறக் கழுத்தை நிமிர்த்த முடியாது. ஆனாலும் அதுதான் பெருமை.

ஒரு மழைநாளில் நல்லணனும், காவலில் இருந்த அவன் தம்பி மொக்கையனும் ஓடைக்கரையில் வந்துகொண்டிருந்தார்கள். ஓடைக்குள் ஒரு கடமான். அதன் ஒரு பக்கக் கொம்பு கொடிகளில் சிக்கியிருந்தது.

"ஏய் சட்டைக்காரங்களா! இந்தக் கொடியை எடுத்துவிடுங்க. தண்ணி ஏறுது."

"இம்புட்டுப் பெரிய கொம்பை வச்சுக்கிட்டுக் கொடிக்குள்ள ஏன்யா நுழைஞ்ச?" என்றான் மொக்கையன்.

"பொண்ணு பாக்கப் போறேன். இது குறுக்கு வழி."

மொக்கையன் சிரித்துக்கொண்டே இறங்கினான். குனிந்து கொடியைப் பிரிக்கும்போது இடி இடித்தது. கடமான் மிரண்டு தலையைத் திருப்பியது. கொம்பின் நுனி அவன் சட்டைக் கயிறுகளுக்குள் புகுந்து முறுக்கிக்கொண்டது. இப்போது கொடியில் கொம்பு, கொம்பில் மொக்கையன்.

நல்லணன் தண்ணீரில் குதித்தான். முடிச்சு அவிழ்ந்தால் தம்பி சட்டையிலிருந்து நழுவிவிடலாம். நனைந்த கம்பளி இறுகிக் கல்லாகியிருந்தது. நகம் பெயர்ந்தது. பல்லால் இழுத்தான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கொடியோ கை தடிமன், கத்தரிக்கு மசியாது. நல்லணன் சட்டைக் கயிற்றை வெட்ட மடியிலிருந்த கத்தரியை எடுத்தான்.

"வேண்டாம்ண்ணே! நான் இன்னும் சாகல."

"வெட்டலைன்னா செத்துருவடா!"

"வெட்டினா நாளைக்கு யாரு கூட உக்காந்து சாப்பிடுவேன்?"

தண்ணீர் மார்புக்கு ஏறியது. யாரோடும் சாப்பிட வேண்டாம், என்னோடு சாப்பிடட்டும் என்று நல்லணன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கத்தரியை விரித்தான்.

"வெட்டாதே" என்றது கடமான். "எனக்காக இறங்கினவன் அவன். நீ தள்ளி நில்லு."

பக்கத்துப் பாறையில் கொம்பின் அடியை ஓங்கி மோதியது. அசையவில்லை. மறுபடி மோதியது. அடுத்த மோதலில், மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். கொம்பு கழன்று, கொடியிலிருந்து உருவிக்கொண்டு மொக்கையனோடு தண்ணீரில் விழுந்தது. நல்லணன் தம்பியின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தான். கடமான் தானே ஏறி வந்தது.

மூவரும் மூச்சு வாங்கினார்கள். மொக்கையன் இருமினான், பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான் நல்லணனுக்குக் கால் தரையில் பாவியது.

"தலை லேசா இருக்குய்யா!" என்றது கடமான். நாலடி நடந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "ஒத்தக் கொம்போட போனா பொண்ணு சிரிக்கும்" என்று மற்றதையும் மரத்தில் மோதிக் கழற்றிவிட்டது. ரத்தம் கசிந்த இரண்டு இடத்திலும் நல்லணன் கம்பளித் துண்டைச் சுற்றிக் கட்டினான்.

அப்புறம் தம்பியின் மார்பில் கிடந்த கொம்பைத் திருப்பினான். அவ்வளவு பாடுபடுத்திய கயிறு, வழவழப்பான நுனியிலிருந்து தானாக வழுக்கி வந்தது. மறுபடி மாட்டினான், இழுத்தால் நின்றது. திருப்பினான், விட்டது.

"டேய், ஒரு கையால வருதுடா!"

அந்த இரண்டு கொம்பையும் விரல் நீளத்துக்கு அறுத்து, பதினோரு சட்டையிலும் முடிச்சு இருந்த இடங்களில் தைத்தான். எதிர்ப்பக்கம் கயிற்றில் வளையம் வைத்தான். அதன்பிறகு வந்த மழையில் எந்தக் காவல்காரனும் சட்டைக்குள் சிக்கித் தவிக்கவில்லை.

கொஞ்ச நாளில் கடமான் வந்தது. தலையில் புதுக்கொம்பு முளைவிட்டிருந்தது. சுற்றிலும் கம்பளிபோல மெத்தென்ற தோல். பின்னால் ஒரு பெண்மான் புல் மேய்ந்தது.

"பொண்ணு என்னய்யா சொல்லுச்சு?" என்று கேட்டான் மொக்கையன்.

"முகம் இப்பத்தான் தெரியுதுன்னு சொன்னா."

அன்று முதல்தான் கடமான் தன் கொம்பைக் காலம் பார்த்து உதிர்த்துவிட்டுக் கம்பளி போர்த்திய புதுக்கொம்பை முளைக்கவிடுகிறது; எல்லைக் காவல்காரர்கள் உதிர்ந்த கொம்பை மலையில் பொறுக்கி வந்து, தங்கள் சட்டையின் மார்பில் தைத்துக்கொள்கிறார்கள்.