ஐந்து நாள் பெட்டி

கோயம்புத்தூரில் கணபதிக்குப் பின்னால், லேத் பட்டறைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் அமராவதியின் கொட்டகை இருந்தது. ஆஸ்பத்திரிக் கத்திகளையும் கத்தரிகளையும் நீராவியில் சுத்தம் செய்யும் பாத்திரங்களை அங்கே செய்துவந்தார். சின்ன ஊர்களில் பதினைந்து வருஷமாகப் பழுதில்லாமல் உழைக்கிற பாத்திரங்கள். அதனால், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அதை ஜனங்கள் கையில் சேர்க்கத் தெரியாமல் விழிக்கிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். வந்தவர்களை அவர் விரட்டவும் இல்லை, உபசரிக்கவும் இல்லை.

அப்படி வந்தவர் பூவராகவன். வயது ஐம்பத்து நான்கு. குருவாக ஏற்றுக்கொண்ட அமராவதியைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். குளிர்பதனத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆய்வுக்கூட உத்தியோகத்தை உதறிவிட்டு எட்டு வருஷம் பாடுபட்டு ஒரு பெட்டி செய்திருந்தார். மின்சாரமே இல்லாமல் தடுப்பூசி மருந்தை ஐந்து நாள் குளிரில் வைத்திருக்கும் பெட்டி.

இளையவரிடம் மூத்தவர் சீடராக இருப்பதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்ததும் கடிதத்தை மேஜைமேல் அறைந்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

அமராவதி ஒரு ரப்பர் வளையத்தின் ஓரத்தைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"ஆமாங்க."

பெட்டியை மலைக்கிராமங்களுக்கு வாங்கலாமா என்று பார்க்கச் சுகாதாரத் துறையில் ஒரு குழு போட்டிருந்தார்கள். 'பொருந்தாது' என்ற ஒற்றை வார்த்தையோடு முடிந்தது அவர்கள் அறிக்கை. கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவது அமராவதியுடையது.

"குழுவில நீங்க இருக்கிறதையே எங்கிட்ட சொல்லல."

"சொல்லக் கூடாதுங்க."

"சரி. மத்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது, விட்டுடறேன். நீங்க எப்படிப் போட்டீங்க? ஒரு வருஷமா உங்க காலடியில கிடக்கிறேன். முதுகுல குத்தறதுக்கா என்னை உட்கார வெச்சீங்க?"

அமராவதி வளையத்தை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். மறுபடி சீவினார்.

"நாற்பத்து மூணு டிகிரி அறையில வெச்சு சோதிச்சிருக்கேன். அஞ்சு நாள்! உலகத்துல எவன் கொடுக்கிறான் அஞ்சு நாள்? டெல்லியில எழுந்து நின்னு கை தட்டினாங்க. இங்க என்னடான்னா, பொருந்தாதாம். நல்லதைக் கொண்டுவந்து கையில கொடுத்தாலும் வாங்கத் தெரியாத ஜனங்க!"

"நாளைக்குப் புதன்கிழமை" என்றார் அமராவதி. "மலையில ஊசி போடற நாள். ஆலங்குழிக்கு உங்க பெட்டி ஒண்ணு சோதனைக்குப் போயிருக்கு. நீங்க அங்க போனதுண்டுங்களா?"

"எதுக்குப் போகணும்? விளக்கக் குறிப்பு அனுப்பியிருக்கேன். வீடியோவும் அனுப்பியிருக்கேன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"விடியறதுக்கு முன்னாடி கிளம்பணுங்க. குடை எடுத்துக்கோங்க."

அடுத்த வளையத்தைக் கையில் எடுத்தார்.

மறுநாள் வழியெல்லாம் பூவராகவன்தான் பேசினார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அதிகாரிகளைத் திட்டினார். குழுவைத் திட்டினார். பெட்டியின் சுவருக்குள் காற்றை எப்படி உறிஞ்சியெடுத்தார் என்பதை முதலிலிருந்து சொன்னார். அமராவதி ஜீப்பின் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். அது அவரை இன்னும் எரியவைத்தது.

ஆலங்குழிப் பள்ளிக்கூட வராந்தாவில் ஏற்கெனவே கூட்டம் நெரிந்தது. கிராமச் செவிலியர் செங்கமலம் ஒரு பெஞ்சில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இவர்கள் நடந்த அதே நாலு கிலோமீட்டரும் அதைத் தூக்கி வந்திருந்தார். பூவராகவன் தன்னை யாரென்று சொல்லவில்லை. ஓரமாக நின்றார். தன் பெட்டி வெயிலில் வெள்ளையாக மின்னுவதைப் பார்த்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஆனால் யாரும் ஊசி போடவில்லை.

"ஏன் சும்மா நிக்கிறாங்க?" என்று அமராவதியிடம் கேட்டார்.

"பாருங்க."

எட்டுக் குழந்தைகள் சேர்ந்த பிறகே செங்கமலம் பெட்டியின் நாலு கொக்கிகளையும் நெம்பினார். ஒரு கையில் குழந்தையின் தொடை, மறு கையில் கொக்கி என்று அவர் தடுமாறினார். எட்டு ஊசி போட்டு மூடினார். அடுத்த எட்டுப் பேருக்காகக் காத்திருந்தார். தாய்மார்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி, "கத்திரிக்கா கூறு கட்டறாப்புல எட்டு எட்டாவா புள்ளையைச் சேப்பாங்க?" என்று சத்தமாகவே கேட்டாள். பதினோரு மணிக்கு நாலாவது முறை மூடி திறந்தது. மூடியதும் பெட்டியின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சரியாக நாலாவது முறை. விளக்கு பிசகவில்லை. பூவராகவன் தன்னை மறந்து தலையசைத்தார்.

செங்கமலம் நோட்டை மூடிவைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் வந்தாள். இரண்டு மாதக் குழந்தையைச் சேலையில் முடிந்திருந்தாள். ஓடைக்கு அந்தப்பக்கக் குடியிருப்பிலிருந்து ஏழு கிலோமீட்டர் நடந்திருந்தாள். புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது.

"முடிஞ்சுதும்மா. அடுத்த புதன் வா" என்றார் செங்கமலம்.

"போன புதனும் இதைத்தான சொன்ன?"

"போன புதனும் லைட்டு எரிஞ்சிருச்சு. நான் என்ன பண்ண?"

"மருந்து தீந்துபோச்சா?"

"இருக்கு."

"உள்ள இருக்கா?"

"இருக்கு தாயி. லைட்டு எரிஞ்சா போடக் கூடாது."

அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தாள். செங்கமலத்தைப் பார்த்தாள்.

"ஊசி என் புள்ளைக்கா, லைட்டுக்கா?"

செங்கமலம் சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"இந்தப் பொட்டியச் செஞ்சவன் புள்ள பெத்தவனா இருக்க மாட்டான்" என்றாள் அவள். குழந்தையை இழுத்து முடிந்துகொண்டு திரும்பிப் படியிறங்கினாள்.

பூவராகவனுக்கு முகம் கொதித்தது. இரண்டே எட்டில் பெஞ்சுக்கு வந்தார்.

"ஏம்மா, கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா உங்களுக்கு? மருந்தை உள்ள வெச்சுக்கிட்டு அவங்களைத் திருப்பி அனுப்பறீங்களே! திறங்க!"

"நீங்க யாருங்க?"

"இதைச் செஞ்சவன்."

செங்கமலம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, பல வாரமாக அடக்கிவைத்த குரலில் பேசினார்.

"நீங்கதானா அது? நாலு தடவைக்கு மேல திறக்காதேன்னு எழுதினது நீங்கதான? சிவப்பு எரிஞ்சா மருந்தை ஒதுக்குன்னு எழுதினதும் நீங்கதான? போன புதன் பதினோரு குப்பியக் கொட்டினேன். எதுக்குக் கொட்டினேன்னு கைப்பட எழுதியும் கொடுத்தேன். இப்ப எனக்கு மனசாட்சி இல்லைங்கறீங்க!"

"அது அஞ்சு நாளைக்கும்மா! அஞ்சு நாள் குளிர் நிக்கணும்னா நாலு தடவைதான் திறக்கலாம். ஒரு நாளைக்குன்னா நாற்பது தடவைகூடத் திறக்கலாம். ஒண்ணும் ஆகாது!"

"எனக்கு எதுக்குங்க அஞ்சு நாளு? நான் காலையில ஏறி சாயந்திரம் இறங்கறவ."

பூவராகவன் பெட்டியைப் பார்த்தார்.

"பழைய நீலப் பெட்டியில ரெண்டு மணிக்கெல்லாம் ஐஸ் கரைஞ்சுரும். அஞ்சு மணி வரைக்கும் தாங்கற பெட்டி ஒண்ணு கிடைச்சா, பட்டு பட்டுனு திறந்து மூட முடிஞ்சா, எனக்கு அது போதும். எட்டு வருஷமா இதைத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். யாருகிட்ட சொல்ல? கேக்கறதுக்கு ஒருத்தரு இந்த மலை ஏறி வந்திருக்காங்களா?"

பூவராகவன் பெட்டியின் கொக்கிகளை நெம்பினார். விரல் நகம் ஒன்று மடங்கியது. அவருடைய கைக்கே அது இலகுவாக வரவில்லை. உள்ளே இருந்த வெப்பமானியில் முள் நாலு டிகிரியில், மருந்துக்கு வேண்டிய குளிரிலேயே, நின்றது. செங்கமலம் ஒரு குப்பியை எடுத்து அதன் ஒட்டுச்சீட்டைப் பார்த்தார். மருந்து சூடுபட்டுக் கெட்டால் அதிலுள்ள சதுரம் கறுத்துவிடும். சதுரம் வெள்ளையாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் செங்கமலம். சற்றுப் பொறுத்து, "அப்ப போன புதன் நான் கொட்டினதும் நல்ல மருந்துதான்" என்றார்.

கோபத்தில் அவர் கண் கலங்கியது.

பூவராகவனுக்கு டெல்லி மண்டபத்துக்கு முதல் தடவை போனது நினைவுக்கு வந்தது. எத்தனை நாள் நிற்கும் என்று அங்கே ஒருவர் கேட்டார். மூன்று நாள் என்று இவர் சொன்னார். இவருக்கு அடுத்து மேடையேறியவன் நாலு நாள் என்றான். அன்றைக்கு ரயிலில் திரும்பும்போதே ஐந்து என்று முடிவு செய்தார். அந்த ஐந்துக்காக மூடியை இறுக்கினார். கொக்கிகளை இரண்டிலிருந்து நாலாக்கினார். திறப்பை எண்ணுகிற விளக்கு வைத்தார். எல்லாமாக இரண்டு வருஷம்.

அமராவதி சுவரோரமாகக் குடையை ஊன்றி நின்றிருந்தார்.

"உங்களுக்கு இது தெரியும்" என்றார் பூவராகவன். குரல் மறுபடி உயர்ந்தது. "ஒரு வருஷமாத் தெரியும். ஏன் சொல்லல?"

"ஆவணியில சொன்னேனுங்க. கார்த்திகையிலயும் சொன்னேன். மலைக்கு ஒருக்கா போய்ட்டு வாங்கன்னு."

"நான் என்ன சொன்னேன்?"

"ரெண்டு தடவையும் வரைபடத்தைக் காட்டுனீங்க."

அவர் தலை குனிந்தது. உடனே நிமிர்ந்தது. கோபம் இப்போது யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அது தணிந்தபாடில்லை. வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன.

"மாத்தறேன். எல்லாத்தையும் மாத்தறேன். அந்த விளக்கை முதல்ல பிடுங்கி எறியறேன். எத்தனை தடவை திறந்தாங்கன்னு எதுக்கு எண்ணணும்? உள்ளே எத்தனை டிகிரின்னு காட்டட்டும். மூடி ஒரு கையால திறக்கணும். எடை பாதியாகணும். சுவரை மெலிசாக்கலாம். ஒரு நாள்தானே, தாராளமாத் தாங்கும். எட்டு மாசம். இல்லை, ஆறு மாசம். ஆறே மாசத்துல புதுப் பெட்டியோட இதே வராந்தாவுக்கு வரேன். நீங்க சொல்லுங்கம்மா. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? மூடியா? சுவரா?"

அமராவதி அவரைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கீழே சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு இன்னும் ஓடையைத் தாண்டலைங்க" என்றார். "ஓடுங்க."