கரடி செய்த பெரும்பலகை

மூங்கிலாற்றுக் காட்டில் சடையாண்டி என்றொரு கரடி இருந்தது. தேன்கூடு எங்கே தொங்கினாலும் அது மோப்பம் பிடித்துவிடும். ஏறிப் பிய்த்துக் குடிக்கும். மீதியைத் தன் குகையில் இருந்த பாறைக்குழியில் ஊற்றி வைத்துக்கொள்ளும். கோடையில் அந்தக் காட்டில் சாப்பிட எளிதில் ஒன்றும் கிடைக்காது. அந்தக் குழித் தேன்தான் சடையாண்டிக்கும், அதன் மனைவி வெள்ளையம்மாவுக்கும், இரண்டு குட்டிகளுக்கும் கோடை முழுவதும் சாப்பாடு. வெள்ளையம்மா என்று பெயரே தவிர, அது அடுப்புக்கரியைவிடக் கறுப்பு!

அதே காட்டில் பொன்னாத்தா என்ற தூக்கணாங்குருவி ஒரு புதுப் பொருள் செய்தது. ஆற்றுக் களிமண்ணைத் தட்டிச் செய்த சின்னப் பலகை. சுற்றிலும் பனையோலை விளிம்பு. விளிம்பில் ஈர மண்ணை அப்பி, அதில் நாலு மின்மினிகளை உட்கார வைத்தது. பொழுது சாயும்போது பலகை லேசாக ஒளிரும். கூட்டுக்குத் திரும்பும் தேனீ ஒன்று அந்த வெளிச்சத்தைப் பார்த்து இறங்கி ஓர் ஆட்டம் போடும். எந்தத் திசையில் தலையை வைத்து ஆடுகிறதோ, அந்தத் திசையில் பூவோ பழமோ இருக்கிறது என்று பொருள். எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அத்தனை மேடு தாண்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் சங்கதி!

கூடு கட்ட உதவும் நாரோ முடியோ ஒரு பிடி கொடுத்தால், குருவி ஒரு பலகை கொடுக்கும். முயல் வாங்கியது. மான் வாங்கியது. அணில் குடும்பத்தோடு வந்து வாங்கியது. காட்டில் எங்கே பார்த்தாலும் பலகையும் கையுமாகத்தான் எல்லாம் திரிந்தன. "சாப்பிட்டாச்சா?" என்று யாராவது கேட்டால்கூட, பலகையைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டின.

சடையாண்டிக்கு வயிறு எரிந்தது.

"இத்தனூண்டு குருவி செஞ்சதுக்கே இவ்வளவு கூட்டம்! நான் செஞ்சா எப்படி இருக்கும்!" என்றது.

"உங்களுக்குப் பலகை செய்யத் தெரியுமாங்க?" என்று வெள்ளையம்மா கேட்டது.

"தெரியணும்னு என்ன இருக்கு? அதுகிட்ட ஒரு பலகையும் நாலு பூச்சியும் இருக்கு. எங்கிட்ட குழி நிறையத் தேன் இருக்கு. தேனைக் காட்டினா செய்யறதுக்கு ஆள் தானா வரும்!"

"அது கோடைக்கு வெச்சிருக்கிற தேனுங்க! அதை எடுத்துட்டா குட்டிங்க எதைச் சாப்பிடும்?"

வெள்ளையம்மா கரடியாய்க் கத்தியது. கரடிதானே, வேறு எப்படிக் கத்தும்! ஆனால் சடையாண்டியின் காதில் அது ஏறவே இல்லை.

முதலில் வந்த ஆள் தாவடியான் என்ற குரங்கு. தன் கையால் அது ஒரு பொருளும் செய்ததில்லை. ஆனால் யார் எதைச் செய்தாலும் பக்கத்தில் நின்று யோசனை சொல்லும். வந்தவுடன் குழியில் விரலை விட்டு ஒரு நக்கு நக்கிக்கொண்டது.

"அண்ணே! குருவியோட பலகை எவ்வளவு பெரிசு?"

"உள்ளங்கை அளவு இருக்கும்."

"யாரோட உள்ளங்கை? முயலோடது! நீங்க உங்க உள்ளங்கை அளவுக்குப் போடுங்க! அது மண்ணுல செஞ்சிருக்கா? நாம கல்லுல செய்வோம்! அதுல நாலு மின்மினியா? நம்மதுல நாற்பது! பின்பக்கம் முதுகு சொறியறதுக்குப் பல்லு வைப்போம். ஓரத்துல ஊதுகுழல் வைப்போம். காத்தடிச்சா தானா ஊதும்!"

சடையாண்டி கொஞ்சம் யோசித்தது. "எல்லாருக்குமா முதுகு அரிக்கும்?"

"உங்களுக்கு அரிக்குதா இல்லையா?"

"அரிக்குது."

"அப்ப ஊருக்கே அரிக்கும் அண்ணே!"

"எதுக்கும் அந்த முயலை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்," என்று வெள்ளையம்மா குறுக்கே சொன்னது.

"அண்ணி, முயலுக்கு என்ன வேணும்னு முயலுக்கே தெரியாது! நாமதான் எடுத்துச் சொல்லணும்!" என்றது குரங்கு. சொல்லிவிட்டு இன்னொரு நக்கு நக்கியது.

வேலை மளமளவென்று நடந்தது. முள்ளம்பன்றிகள் வந்து கல்லைப் பெயர்த்துக் கொடுத்தன. அதற்குத் தேன். மரங்கொத்திகள் கல்லைச் சுற்றி மரச்சட்டம் செதுக்கிக் கொடுத்தன. அதற்கும் தேன். பொன்னாத்தாவின் மின்மினிகள் அலுத்தால் பறந்துபோகும், வேறு வந்து உட்காரும். சடையாண்டிக்கு அது பிடிக்கவில்லை. வேங்கைப் பிசினைத் தடவி மின்மினிகளை இறுக ஒட்டிவிட்டது. "நம்ம பூச்சி எங்கேயும் போகாது!" என்று பெருமைப்பட்டுக்கொண்டது. இப்படி நாற்பது பலகைகள் தயாராயின. குழியில் பாதித் தேன் காலி.

பெரும்பலகை என்று குரங்கு அதற்குப் பெயர் வைத்தது. ஊரைக் கூட்டிக் காட்ட ஒரு மயிலைப் பிடித்துக்கொண்டு வந்தது. அதற்கும் தேன்தான், மீதியில் முக்கால்வாசி. யானைப்பாறைமேல் மயில் தோகையை விரித்து ஆடு ஆடென்று ஆடியது. "பெரும்பலகை! பெரும்பலகை!" என்று குரங்கு பக்கத்தில் குதித்தது. கூட்டம் கைதட்டியது. சடையாண்டிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கைதட்டல் மயிலுக்கு என்பது அதற்குத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் முயல் முன்னால் வந்தது.

"அண்ணே, இது என்ன செய்யும்?"

"பளபளக்கும்!"

"சரி. அப்புறம்?"

"முதுகு சொறியும்!"

"அது சரிண்ணே. பூ எங்கே, பழம் எங்கேன்னு சொல்லுமா? தேனீ வந்து ஆடுமா?"

சடையாண்டி குரங்கைப் பார்த்தது. குரங்கு ஒரு நொடி தலையைச் சொறிந்தது.

"வரும் வரும்! தேனீங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கோம். அடுத்த மழைக்குள்ள எல்லாத் தேனீயும் இங்கேதான்!"

அன்றைக்குக் கரடி விட்டது குரங்கு. நிஜக் கரடியோ அதை நம்பிக்கொண்டு நின்றது!

ஒரு கூடை அத்திப்பழம் கொடுத்தால் ஒரு பெரும்பலகை என்று சடையாண்டி அறிவித்தது. கூட்டம் மெல்லக் கலையப் பார்த்தது. உடனே குரங்கு, "மூணு நாள் வெச்சுப் பாருங்க! பிடிச்சா பழம் கொடுங்க! ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு சும்மா! ஆடித் தள்ளுபடி, பங்குனியிலேயே!" என்று கூவியது.

"ஒண்ணையே தூக்க முடியல, இதுல ரெண்டா!" என்றது மான். ஆனாலும், ஒரு கரடி எதிரே நின்று பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பொருளை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? ஆளுக்கு ஒன்றாய் இழுத்துக்கொண்டு போயின.

முயல் அதை வளைக்குள் கொண்டுபோகப் பார்த்தது. பலகை வாசலில் சிக்கிக்கொண்டது. முயல் வெளியே, பிள்ளைகள் உள்ளே! மறுபக்கம் தோண்டித்தான் அவற்றை வெளியே எடுத்தது. அணில் தன் பலகையைக் கிளைமேல் ஏற்றியது. கிளை முறிந்தது. மான் தன் பலகையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனது. காற்றடித்தது. ஊதுகுழல் பீப்பீ என்று ஊதியது. புதரில் தூங்கிக்கொண்டிருந்த புலி எழுந்து உட்கார்ந்தது. மான் பிழைத்தது அதன் நாலு கால் புண்ணியம்.

மூன்றாம் நாள் மின்மினிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிசினில் ஒட்டிக்கொண்டு பட்டினி கிடந்தால் எத்தனை நாளைக்குத்தான் எரியும், பாவம்! தேனீ ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. அத்திப்பழம் ஒன்றுகூட வரவில்லை. பலகைகள் மட்டும் ஒவ்வொன்றாய்த் திரும்பி வந்தன.

சடையாண்டி குரங்கைக் கூப்பிட்டது.

"டேய் தாவடியான்! தேனீங்க ஏன்டா வரல?"

"இதுக்கா கவலைப்படறீங்க! தேனீக்கு என்ன பிடிக்கும்? தேன்! பலகையில தேனைத் தடவுங்க. பறந்துக்கிட்டு வரும்!"

சடையாண்டிக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. தனக்குத் தேன் பிடிக்கும், தேன் இருக்கும் இடத்துக்குத் தான் போகும். தேனீயும் அப்படித்தானே இருக்கும்?

"அடியில கொஞ்சம்தாங்க இருக்கு! அதையாவது விட்டு வையுங்க!" என்று வெள்ளையம்மா குழியை மறித்துக்கொண்டு நின்றது. குட்டிகள் இரண்டும் அதன் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டிருந்தன.

"ஒரே ஒரு நாள் பொறுத்துக்கோ! நாளைக்கு இந்தக் குகை கொள்ளாத அளவுக்குப் பழம் வரும்!"

சடையாண்டி மனைவியை ஒதுக்கிவிட்டுக் குழியில் இறங்கியது. கடைசிச் சொட்டுவரை வழித்தெடுத்தது. நாற்பது பலகைகளிலும் தடவியது. பிறகு அவற்றின் நடுவில் உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தது.

பொழுது சாய்ந்தது. ஒரு தேனீ வந்தது! வட்டமிட்டது. ஒரு பலகையில் இறங்கி நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தது. சடையாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"இது வேங்கைமரத்துத் தேன்," என்றது தேனீ.

"ஆமா ஆமா! நல்ல தேன்! சாப்பிடு! சாப்பிட்டுட்டு ஒரு ஆட்டம் போடு!"

"வேங்கைமரத்துல இருந்தது எங்க கூடு. கார்த்திகையில ராத்திரி பகல்னு பார்க்காம நாங்க சேர்த்த தேன் இது. நீ கூட்டைப் பிச்சப்ப எங்க ராணி உன் கால்லதான் மிதிபட்டுச் செத்தா."

சடையாண்டி குனிந்து தன் காலைப் பார்த்தது. எத்தனையோ கூடுகளைப் பிய்த்திருக்கிறது. அவற்றுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று அது ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"எங்க வீட்டைக் கொள்ளையடிச்சு எங்களுக்கே விருந்து வைக்கிறியா?" என்று தேனீ கேட்டது.

"குருவி பலகைக்கு மட்டும் போறீங்களே!"

"பொன்னாத்தா தன் கூட்டுக்குப் பக்கத்துல எங்களுக்கு ஓலைப் பந்தல் போட்டுக் கொடுத்திருக்கு. மழையில நாங்க அங்கேதான் ஒதுங்கறோம். நாங்க பலகைக்காக ஆடல. பொன்னாத்தாவுக்காக ஆடறோம்."

கொட்டியிருந்தால்கூடச் சடையாண்டிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தேனீ கொட்டவில்லை. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

விடிந்தபோது பலகைகள்மேல் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. எறும்பு! நாற்பது பலகையிலும் எறும்பு! தேனைச் சுத்தமாகத் தின்றுவிட்டு, பலகைகளுக்கு நடுவே படுத்திருந்த சடையாண்டியையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயின.

"நான் அப்பவே சொன்னேன் அண்ணே, சின்னதாப் போடுங்கன்னு!" என்றது குரங்கு. சொன்னது கிளையில் இருந்துகொண்டு. ஆற்றில் முதலை ஏதோ புதிதாகச் செய்யப்போகிறதாம். அதற்கு யோசனை சொல்ல வேண்டும் என்று அவசரமாகத் தாவிப் போய்விட்டது.

கோடை வந்தது. தேனீக்கள் அக்கரையில் இருந்த செங்குத்துப் பாறையில் கூடு கட்டிக்கொண்டன. அங்கே எந்தக் கரடியாலும் ஏற முடியாது. சடையாண்டி கரையான் புற்றைத் தேடி நடந்தது. கிழங்கைத் தேடித் தோண்டியது. நகம் தேய்ந்ததுதான் மிச்சம். நாலாம் நாள் குட்டிகள் விளையாடுவதை நிறுத்திவிட்டன. ஐந்தாம் நாள் அழுவதையும் நிறுத்திவிட்டன.

அன்று மாலை வெள்ளையம்மா ஒரு மின்மினிப் பலகையோடு வந்தது. அதன் தோளில் ஒரு பக்கம் முடியே இல்லை.

"என்னடி இது?" என்று சடையாண்டி பதறியது.

"நாருக்கு நான் எங்கே போவேன்? முடியைப் பிடுங்கிக் கொடுத்துட்டு வாங்கிட்டு வந்தேன்."

"பொன்னாத்தா என்ன சொல்லிச்சு? சிரிச்சுதா?"

"சிரிக்கல. 'அக்கா, உங்க முடி நல்லா மெத்துன்னு இருக்கு'ன்னு சொல்லிச்சு. அவ்வளவுதான்."

வெள்ளையம்மா பலகையை ஒரு கல்லின்மேல் வைத்தது. பிறகு கணவனைப் பார்த்தது.

"நீங்க கொஞ்சம் அந்தப் பாறைக்குப் பின்னாடி போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"உங்களைப் பார்த்தா தேனீ இறங்காதுங்க."

சடையாண்டி நகர்ந்தது. பாறைக்குப் பின்னால் போய், தன் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றது. மின்மினிகள் ஒளிரத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் இறக்கைச் சத்தம் கேட்டது.

"வந்துடுச்சா? என்ன சொல்லுது?" என்று சடையாண்டி பாறைக்குப் பின்னாலிருந்து கேட்டது.

"சத்தம் போடாதீங்க! பாதியில போயிடப் போவுது!"

காடே அதிர உறுமிப் பழகிய சடையாண்டி, தன் கையையே தன் வாயில் திணித்துக்கொண்டது. அந்தப் பக்கம் வெள்ளையம்மா மெதுவாக எண்ணுவது கேட்டது. "கிழக்க... ஒரு மேடு... ரெண்டு மேடு... அங்கே நிக்கிறது இலுப்பை! இலுப்பைப்பூ உதிர்ந்து கிடக்குதுங்க! புள்ளைங்களா, எழுந்திருங்க!" என்றது. குட்டிகள் தள்ளாடிக்கொண்டு எழுந்தன. தேனீ பறந்து கண்ணுக்கு மறையும்வரை சடையாண்டி வெளியே வரவில்லை.

கூட உழைக்க வேண்டியவர்களின் கூட்டைப் பிய்த்துவிட்டுக் கடை விரிப்பவன், அடுத்தவன் பொருளைவிட எவ்வளவு பெரிதாகச் செய்தாலும், கடைசியில் அந்த அடுத்தவன் பொருளுக்காகவே ஒளிந்து நிற்க வேண்டிவரும்.