சிலுப்பி எழுதிய நுழைவுத் தேர்வு

முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தால் மறைக்க முடியாது. முதுகில் இருக்கிற முள்ளெல்லாம் எழுந்து நின்று ஊருக்கே சொல்லிவிடும். சிலுப்பி என்ற முள்ளம்பன்றிக்கு அவை அடிக்கடி எழுந்து நின்றன. காரணம் இல்லாமல் இல்லை.

சிலுப்பியும் அவள் அம்மாவும் முன்பு நாணல்குளத்தின் கரையில் இருந்தார்கள். ஒரு கோடையில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் அம்மா கரையோரம் கோரைக்கிழங்கு தோண்டினாள். கரை பலவீனமாகும் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளை பசியோடு இருந்தது, மண்ணுக்குள் கிழங்கு இருந்தது, அவ்வளவுதான். அடுத்த மழையில் அந்த இடத்தில் கரை உடைந்தது. சரிந்த மண் அம்மாவின் பின்காலிலேயே விழுந்தது. பாதிக் குளம் வெளியே ஓடிப்போனது.

"குளக்கரையைத் தோண்டினவங்க குளத்தை விட்டுப் போகணும். சட்டம் அது" என்றார் குளத்துத் தலைவரான காட்டெருமை. எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அடிபட்ட காலோடு மூன்று நாள் மண்ணைத் தள்ளித் தள்ளி உடைப்பை அடைத்தாள். நாலாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து தண்ணீர் குடிக்க இரண்டு குன்று தாண்டி ஓடைக்குப் போக வேண்டியிருந்தது. அம்மா நொண்டி நொண்டி நடப்பாள். வழியில் நாலு இடத்தில் உட்காருவாள். "காத்து நல்லா வருது கண்ணு, சித்த உக்காந்துட்டுப் போலாம்" என்பாள். காற்றே இருக்காது. சிலுப்பி தெரியாதது மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

காட்டில் ஒரு வழக்கம். சபையில் இன்னொருவருக்காக எழுந்து பேச வேண்டுமானால் மலையடிவாரத்து நீதிப்பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும். அங்கே வருஷத்துக்குப் பத்தே இடம். அதற்கு முன்னூறு பேர் நுழைவுத் தேர்வு எழுதுவார்கள். அதில் எப்படியும் இடம் பிடித்துவிடுவது என்று சிலுப்பி முடிவு செய்தாள். அம்மாவுக்காகப் பேச அவளை விட்டால் யார் இருக்கிறார்கள்?

கூடப் படிக்க ஒரு தோழன் கிடைத்தான். கெட்டியப்பன் என்று ஓர் உடும்பு. அவனும் தேர்வு எழுதப் போகிறவன்தான். எதற்கு என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பாறை வெயிலில் சுகமாகச் சூடேறும் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னான். நியாயம், நீதி எல்லாம் அவனுக்கு அப்புறம்தான். ஆனாலும் நல்ல மனசு.

தேர்வில் ஐந்து பகுதி. மொழி, நாட்டுநடப்பு, சட்டம், தர்க்கம், கணக்கு. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நாலு வட்டம் இருக்கும். சரியான வட்டத்தில் ஒரு துளை போட வேண்டும். சரியான விடைக்கு ஒரு புளியங்கொட்டை தருவார்கள். நாலு விடை தப்பானால் வாங்கியதில் ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். தெரியாததைத் தொடாமல் விட்டால் நஷ்டமில்லை. முள்ளும் நகமும் வைத்துக்கொண்டு துளை போடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர்கள் இருவருக்கும்தான் தெரியும்.

மொழிக்குத் தினமும் ஓர் ஓலை படித்தார்கள். நாட்டுநடப்புக்கு மைனாவிடம் போனார்கள். எந்த மலையில் முதல் மழை, எந்தக் கூட்டத்துக்குப் புதுத் தலைவர் என்று மைனா மூச்சு விடாமல் சொல்லும். பாதி உண்மை, பாதி அதன் சொந்தச் சரக்கு. இரண்டையும் பிரித்து எடுத்ததிலேயே தர்க்கப் பாடமும் கொஞ்சம் ஓடிவிட்டது.

கணக்கில்தான் கெட்டியப்பனுக்குச் சனி பிடித்தது. அவன் உடும்பு அல்லவா, ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டான். ஒரு நாள் நாவல்பழத்தை எட்டுக் கிளிகளுக்குப் பங்கு போடும் கணக்கு வந்தது. காலையில் பிடித்தவன் சாயங்காலம்தான் விட்டான். மீதி முப்பது கேள்வி அப்படியே கிடந்தது.

"விட்டுட்டு அடுத்ததுக்குப் போடா" என்பாள் சிலுப்பி. அவன் காதில் ஏறாது. கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் ஒரே கேள்வியில் ரொம்ப நேரம் நின்றால், வாலில் மெல்ல ஒரு முள்ளால் குத்துவாள். அவன் ஐயோ என்று அடுத்த கேள்விக்குத் தாவுவான்.

சிலுப்பி தடுமாறியது சட்டத்தில். சட்டம் ஒன்று எழுதியிருக்கும், அதற்குக் கீழே ஒரு சம்பவம் இருக்கும். எழுதிய சட்டத்தை மட்டும் வைத்து விடை சொல்ல வேண்டும். சொந்தக் கருத்துக்கு அங்கே வேலை இல்லை.

ஒரு நாள் இப்படி ஒரு கேள்வி வந்தது. பிறர் மரத்தில் கூடு கட்டுகிறவர் மரத்துக்காரரைக் கேட்டுத்தான் கட்ட வேண்டும், இது சட்டம். முட்டையிடப் போகும் புறா ஒன்று கொட்டும் மழையில் யாரையும் கேட்காமல் கட்டிவிட்டது. புறா சட்டத்தை மீறியதா?

சிலுப்பி முழுசாகக்கூடப் படிக்கவில்லை. இல்லை என்று துளை போட்டுவிட்டாள்.

"தப்பு" என்றான் கெட்டியப்பன்.

"மழையில அது எங்கடா போகும்? பாவம் இல்லையா?"

"பாவம்தான். ஆனா பாவமான்னு கேக்கலியே. மீறிச்சான்னுதானே கேக்குறாங்க."

சிலுப்பியின் முள்ளெல்லாம் சடசடவென்று எழுந்தன. "அப்போ எங்கம்மாவை விரட்டினதும் சரின்னு சொல்றியா?"

கெட்டியப்பன் நகத்தால் மண்ணைக் கீறினான். பிறகு தயங்கித் தயங்கிப் பேசினான். "அது எனக்குத் தெரியல சிலுப்பி. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். முள்ளு எழுந்தா நீ படிக்கிறதை நிறுத்திடுற. எல்லாக் கேள்வியிலயும் பார்த்துட்டேன். பாதி வரியோட நின்னுடுற. கடைசி வரி வரைக்கும் படி. அப்புறமா ஆசை தீரக் கோபப்படு. நானும் சேர்ந்து கோபப்படுறேன்."

சிலுப்பிக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குப் படிப்பு நடக்கவில்லை. மறுநாளிலிருந்து, சட்டக் கேள்வி வந்தால் முதலில் மூச்சை இழுத்து விடுவாள். முள்ளைத் தாழ்த்துவாள். கடைசி வரிவரை விரலை வைத்துப் படிப்பாள். முதல் வாரம் பத்துக்கு மூன்று விடை சரியாக வந்தது. பிறகு ஏழு. அப்புறம் ஒன்பது.

தேர்வு நாள் வந்தது. பள்ளி வாசலில் ஒரே கூட்டம். அம்மாவைக் காணவில்லை என்று சிலுப்பி தவித்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறும் நேரத்தில் அம்மா நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வாயில் தேக்கிலைத் தொன்னை. விடியுமுன்பே ஓடைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வந்திருக்கிறாள். வழியெல்லாம் சிந்தியது போக அடியில் நாலு மிடறுதான் மிச்சம் இருந்தது.

"குடிச்சிட்டுப் போ கண்ணு. தொண்டை காஞ்சா எழுத்து ஓடாது" என்றாள். நாலு மிடறையும் சிலுப்பி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

தேர்வை நடத்தியது வெளிக்காட்டிலிருந்து வந்த ஒரு நாரை. சட்டக் கேள்விகள் எல்லாம் காட்டின் பழைய சட்ட ஓலைகளிலிருந்து அப்படியே எடுத்தவை என்று சொல்லிவிட்டு ஓலைகளைக் கொடுத்தது. வாசல் பாறையை மரத்தின் நிழல் தொட்டதும் எல்லாரும் ஓலையைக் கீழே வைத்துவிட வேண்டும். கெட்டியப்பனுக்கு அந்தக் கோடியில் இடம். அவன் வாலைக் குத்த இங்கிருந்து எட்டாது.

சிலுப்பி மொழியை முடித்தாள். நாட்டுநடப்பில் இரண்டு தெரியவில்லை, முள்ளை அடக்கிக்கொண்டு அப்படியே விட்டாள். தர்க்கம் முடிந்தது. கணக்கும் ஒருவாறு முடிந்தது. சட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதன் முதல் வரியைப் படித்தாள்.

'குளக்கரையைத் தோண்டுகிறவர் அந்தக் குளத்தை விட்டு வெளியேற வேண்டும்.'

அவ்வளவுதான். தலை முதல் வால் வரை அத்தனை முள்ளும் எழுந்து நின்றன. பக்கத்தில் இருந்த முயல் ஓலையைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தது. ஓலையைக் கிழித்து எறிந்துவிடலாமா என்று சிலுப்பிக்கு ஆத்திரம் வந்தது. கண் முன்னால் எழுத்தே தெரியவில்லை. அம்மா மண் தள்ளிய அந்த மூன்று நாள்தான் தெரிந்தது.

நிழல் பாறையை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசி வரி வரைக்கும் படி, அப்புறமா ஆசை தீரக் கோபப்படு. கெட்டியப்பன் சொன்னது நினைவுக்கு வந்தது. சிலுப்பி மூச்சை இழுத்து விட்டாள். முள்ளை ஒவ்வொன்றாகத் தாழ்த்தினாள். விரலை வைத்து அடுத்த வரியைப் படித்தாள்.

'ஆனால் தோண்டும்போது யாராவது ஒருமுறையேனும் அவரை எச்சரித்திருக்க வேண்டும். எச்சரிக்கப்படாதவரை வெளியேற்றக் கூடாது. அவர் உடைப்பை அடைத்துக் கொடுத்தால் போதும்.'

கீழே ஒரு பன்றியின் கதை இருந்தது. தோண்டியது, யாரும் எச்சரிக்கவில்லை, கரை உடைந்தது, அடைத்துக் கொடுத்தது. அதை வெளியேற்றலாமா?

சிலுப்பி அந்த மூன்று வரியையும் மறுபடி படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். பிறகு கூடாது என்ற வட்டத்தில் நிதானமாக ஒரு துளை போட்டாள். அவள் கண்ணீர் ஓலையில் சொட்டியபோது நிழல் பாறையைத் தொட்டது.

பத்துப் பேரில் ஒன்பதாவதாக அவள் பெயர் வந்தது. கெட்டியப்பன் பெயர் வரவில்லை. கணக்கில் ஒரு கேள்வியைப் பிடித்தவன் விடவே இல்லையாம். "விடை சரிதான் தெரியுமா" என்று சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. சிலுப்பி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். இனி ஒரு வருஷம் தினமும் வந்து அவன் வாலைக் குத்தப்போவதாகச் சொன்னாள். அவனுக்கு அதில் கொஞ்சம் சமாதானம்.

பள்ளியில் சேர்ந்த முதல் நாளே சிலுப்பி அங்கே அந்தச் சட்ட ஓலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அம்மாவையும் கெட்டியப்பனையும் அழைத்துக்கொண்டு நாணல்குளத்துக்குப் போனாள். சபை கூடியது. முள்ளம்பன்றி வந்திருக்கிறது, என்ன ஆகுமோ என்று எல்லாரும் எட்டியே நின்றார்கள். சிலுப்பி ஒரு முள்ளைக்கூடத் தூக்கவில்லை. ஓலையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்கம்மா தோண்டினப்போ, யாராவது ஒருத்தர் வேண்டாம்னு சொன்னீங்களா?"

நான் சொன்னேன் என்று ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் நீர்க்கோழி தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தது. தான் அதைப் பார்த்ததாகவும், நமக்கென்ன என்று நீந்திப் போய்விட்டதாகவும் ஒத்துக்கொண்டது.

காட்டெருமை ஓலையை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். "எங்கப்பா எனக்கு முதல் வரியைத்தான் சொல்லிக்கொடுத்தார். நானும் அதோட நின்னுட்டேன்" என்றார். அம்மாவின் முன்னால் கொம்பைத் தாழ்த்தினார். "தப்பு எங்க மேலதான் தாயி. தண்ணி குடிங்க" என்று வழிவிட்டார்.

அம்மா உடனே தண்ணீருக்குப் போகவில்லை. முதலில் கரைக்குப் போனாள். அன்று தான் அடைத்த இடத்தை முன்காலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். மண் கெட்டியாக இருந்தது. அதன்மேல் கோரை முளைத்திருந்தது. அப்புறம்தான் இறங்கி, வழியில் எங்கும் உட்காராமல் வந்து, வயிறு நிறையக் குடித்தாள்.

கோபம் நியாயமானதாகவே இருந்தாலும், அதை அடக்கிக் கடைசி வரி வரை படிப்பவருக்குத்தான் நியாயம் எங்கே எழுதியிருக்கிறது என்பது கண்ணில் படும்.