எழுநூத்தி இருபது கிராம்

வேலூர்ல தேன்மொழி மாஸ்டர் நடத்துற பளுதூக்குற கூடத்துல துரைக்கண்ணு வந்து சேர்ந்தப்போ அவருக்கு ஐம்பத்திரண்டு வயசு. மாஸ்டருக்கு இருபத்தேழு. துரைக்கண்ணுக்கு ரேஷன் கடையில எடை போடற வேலை. அடுத்த மாசம் மூத்தோர் போட்டி.

"புரோட்டீன் பத்தாதுண்ணா"ன்னு மாஸ்டர் கரண்ட்டுல மெதுவா வேகவைக்கிற ஸ்லோ குக்கர் ஒண்ணைக் கொடுத்தாங்க. சமையலும் சொல்லிக்கொடுத்தாங்க. எலும்பில்லாத கோழி ஒரு கிலோ, சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, காளான், ரெண்டு அன்னாசிப்பூ, அரை டம்ளர் தண்ணி. காலையில மூடி வச்சா மதியம் சைனீஸ் வாசனையோட ஸ்டூ.

துரைக்கண்ணு பயிற்சி முடிச்சு, குக்கரைக் கூடத்துலயே போட்டுட்டுக் கடைக்குப் போவாரு. மதியம் வந்து கறியை மட்டும் அள்ளித் தராசுல வைப்பாரு.

காலையில எடை போட்டு வச்சது ஒரு கிலோ. முதல் நாள் மதியம் எழுநூத்தி இருபது கிராம். ரெண்டாம் நாள் எழுநூத்தி பத்து.

அவர் இல்லாத நேரத்துல கூடத்துல இருக்கிறது காவல்காரர் சூசை ஒருத்தர்தான்.

மூணாம் நாள் மூடியைச் சுத்தி டேப் ஒட்டி, மேல கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு. மதியம் டேப் அப்படியே இருந்துச்சு. கறி எழுநூத்தி இருபத்தஞ்சு.

டேப்பை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு. "என் கையெழுத்து மாதிரிதான் இருக்கு. ஆனா வால் கொஞ்சம் சாயுது."

சூசையைக் கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னாரு.

"நான் குடிக்கிறதில்ல சார்."

"அதுக்கில்ல. சோயா சாஸ் வாசனை வருதான்னு பார்க்கிறேன்."

சூசை ஊதினாரு. பீடி வாசனை வந்துச்சு.

"பீடி பிடிச்சு மறைச்சிருக்கே."

சாயங்காலம் சூசை மாஸ்டர்கிட்ட சாவியைக் கொடுத்தாரு. "பதினோரு வருஷம் இருந்துட்டேன்மா. வாயை மோந்து பார்க்கிற இடத்துல இனி வேணாம்." சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

"பார்த்தீங்களா மாஸ்டர், மாட்டினதும் ஓடிட்டான்"னாரு துரைக்கண்ணு. "பளுதூக்குறவங்க சங்கத்துக்கு எழுதுங்க. இனி எந்தக் கூடத்துலயும் அவனுக்கு வேலை கொடுக்கக் கூடாது."

"என்னன்னு எழுதறது?"

"கறியைத் தின்னுட்டுத் தண்ணி ஊத்தி வைக்கிறான்னு எழுதுங்க. நான் ஊத்தினது அரை டம்ளர். மூடியைத் திறந்தா அரைச் சட்டி குழம்பு."

"அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ரேஷன் கடையில இருபது வருஷம். எடை குறைஞ்சா ஜனங்க என் மூஞ்சியைத்தான் பார்ப்பாங்க. திருட்டு முழி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"கண்ணாடியில பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டீங்களா?"

துரைக்கண்ணு சிரிக்கல.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. சூசையண்ணா இல்ல. குக்கர் பக்கத்துல நீங்களே உட்காருங்க. அப்புறமா எழுதறேன்."

மறுநாள் துரைக்கண்ணு ஸ்டூல் போட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்தாரு. ஒண்ணுக்குக்கூடப் போகல. ஈ வந்தாலும் யார் வீட்டு ஈன்னு பார்த்தாரு.

மூடியைத் திறந்தாரு. அரைச் சட்டி குழம்பு. கறி எழுநூத்தி பதினஞ்சு.

"தராசுல கோளாறு"ன்னாரு.

மாஸ்டர் ஒரு கிலோ இரும்புத் தட்டைத் தூக்கி வச்சாங்க. தராசு சரியா ஒரு கிலோ காட்டுச்சு.

"அப்போ கறிக்கடைக்காரன்தான்."

"காலையில எடை போட்டது நீங்கதானேண்ணா?"

துரைக்கண்ணு குனிஞ்சு, குக்கருக்கு அடியில பார்த்தாரு. மேசை காய்ஞ்சு கிடந்துச்சு.

மாஸ்டர் ஆளை எடை பார்க்கிற மெஷினை இழுத்துப் போட்டாங்க. "ஏறுங்க."

எழுபத்து நாலு கிலோ இருநூறு.

"இப்போ வெளியே வெயில்ல கொதிக்கிற தகரக் கொட்டகைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்திரிங்க. தோள்ல கம்பி இருக்கட்டும். தண்ணி குடிக்காதீங்க."

ஒரு மணி நேரம் கழிச்சு வந்து திரும்ப ஏறினாரு. எழுபத்து மூணு கிலோ நூறு.

"ஒரு கிலோ நூறு கிராம் காணோமே. யார் எடுத்தா?"

"யார் எடுப்பாங்க மாஸ்டர்? வேர்வை."

"டேப் ஒட்டல. கையெழுத்துப் போடல. எப்படி நம்பறீங்க?"

"என் உடம்பாச்சே. எனக்குத் தெரியாதா?"

சொல்லிட்டு அந்த அரைச் சட்டி குழம்பைத் திரும்பிப் பார்த்தாரு.

துரைக்கண்ணு துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டுச் சட்டையை மாட்டினாரு. செருப்பைத் தேடினாரு.

"சூசை வீடு எந்தத் தெரு மாஸ்டர்? இப்பவே போறேன். 'உங்க மேல எந்தத் தப்பும் இல்ல'ன்னு அவர்கிட்ட சொல்லிடறேன்."

"அது அவருக்கு முன்னாடியே தெரியும்ண்ணா."