வலைமுடிச்சு

எங்க பிளாவி மாஸ்டருக்கு முப்பது வயசுதான் இருக்கும். அவகிட்டத் தொழில் படிக்க வந்த கஸ்பார் அண்ணனுக்கு அறுபது நெருங்குது. மாதா கோயில் தெருவுல இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். படிக்க வந்தவருக்கே வெட்கம் இல்ல, பார்க்கிறவங்களுக்கு என்ன வந்துது?

நான் மாஸ்டரோட தையல் கடையில சேலைக்கு ஓரம் அடிக்கிறவ. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனா அவங்க ரெண்டு பேரும் பேசும்போது மட்டும் பொத்திக்கிட்டு இருப்பேன்.

கஸ்பார் அண்ணன் கடல்காரர். அவரும் தம்பி சந்தியாகுவும் ஒரே வள்ளத்துல தொழிலுக்குப் போனவங்க. ஒருநாள் கரையில வச்சு என்னமோ பேச்சு வந்து, பேச்சு முத்திப்போச்சு. "இனி செத்தாலும் உன் வள்ளத்துல கால் வைக்க மாட்டேன்"னு சொல்லிட்டு இறங்கி வந்தவர்தான். அதுக்கப்புறம் தம்பி முகத்துலயும் முழிக்கல, கடல்லயும் இறங்கல.

கொஞ்ச நாள் வீட்டுல உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் எங்க கடை வாசல்ல வந்து நின்னார்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா. எனக்கு இந்த எம்பிராய்டரி வருமா?"

"வள்ளம் ஓட்டின கைக்கு வராதா? உட்காருங்க அண்ணே."

அன்னையிலேர்ந்து அவ அவருக்கு மாஸ்டர்.

துணியை வளையத்துல இறுக்கி மாட்டி, ஊசி குத்தக் குத்த வளையத்தைக் கையால நகர்த்தணும். அவ்வளவுதான் மிஷின் எம்பிராய்டரி. கேட்கத்தான் லேசு. அண்ணனுக்கு அது சீக்கிரமே பிடிபட்டுட்டுது. பூவும் இலையும் நல்லாவே விழுந்துது. நூலை முடிக்கிற இடத்துலதான் வம்பு.

அவரோட முதல் துணியை மாஸ்டர் புரட்டிப் பார்த்தா. ஒவ்வொரு பூவுக்குப் பின்னாலயும் மிளகு மிளகா முடிச்சு.

"என்ன அண்ணே இது?"

"வலைமுடிச்சு மாஸ்டர். சுறா இழுத்தாலும் அவிழாது."

"சுறாவா ஜாக்கெட் போடப்போகுது?"

எனக்குச் சிரிப்பு தாங்கல. மாஸ்டர் சிரிக்கல. முடிச்சுப் பக்கம் உள்ள இருக்கிற மாதிரி அந்தத் துணியை அவர் முழங்கைக்கு மேல சுத்தி, ஊக்கு மாட்டிவிட்டா.

"இதோடயே வேலையைப் பாருங்க."

மத்தியானச் சோத்துக்கு ஊக்கைக் கழட்டினப்போ கை செக்கச்செவேர்னு கிடந்துது.

"குத்துது மாஸ்டர்."

"ம்"னா மாஸ்டர்.

மறுநாள் துணியில முடிச்சே இல்ல. நூலை ஒட்ட வெட்டியிருந்தார். பின்பக்கத்தைத் தடவினா வழுவழுன்னு இருந்துது. பெருமையா நீட்டினார்.

"எப்படி? ஒரே வெட்டு."

மாஸ்டர் அதை வாளித் தண்ணியில முக்கி, கசக்கிப் பிழிஞ்சு, அவர் கையிலேயே கொடுத்தா. பூவுலேர்ந்து ஒரு நூல் நுனி எட்டிப் பார்த்துது. அவரும் சும்மா இருக்காம அதைப் பிடிச்சு இழுத்தார். பட்டு நூலுக்கு வழுக்கச் சொல்லியா கொடுக்கணும்? ஒரு இதழே உருவிக்கிட்டு வந்துட்டுது.

உருவின நூலை விரல்ல சுத்திக்கிட்டே கேட்டார்.

"முடிச்சுப் போட்டா குத்துது. ஒட்ட வெட்டினா உருவுது. பிறகு எப்படித்தான் முடிக்க மாஸ்டர்?"

அவ மிஷின்ல உட்கார்ந்தா. ஒரு இலையைத் தைச்சு, நுனிக்கு வந்ததும் நிறுத்தினா. கத்தரியை எடுக்கல. வளையத்தை ஒரு நெல்லளவு பின்னால இழுத்து, கடைசியாப் போட்ட தையல் மேலேயே திரும்பவும் ஊசியை இறக்கினா. பொடிப்பொடியா ரெண்டு மூணு குத்து. பிறகுதான் வெட்டினா, அதுவும் கொஞ்சம் வால் விட்டு.

"இழுங்க."

இழுத்தார். வரல. பின்பக்கத்தைத் தடவினார். குத்தல.

"முன்னால போன கைக்குப் பின்னால போக வர மாட்டேங்குதே"ன்னு பல நாள் முனங்கினார். ஆனாலும் பழகிட்டார்.

அந்தச் சமயத்துலதான் ஜெனோவா வந்தா. சந்தியாகுவோட மக. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயில்ல ஓலையும் வாசிச்சு அறிவிச்சாச்சு. கையில வெள்ளைப் பட்டு ஜாக்கெட் துணி.

"பெரியப்பா, ரெண்டு கைக்கும் நீங்கதான் கொடி போட்டுத் தரணும்."

"உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா என்ன? கோயிலுக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போறப்போ ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நீங்க. சின்னப் பிள்ளையில நீங்கதானே அப்படிச் சொன்னீங்க?"

அவர் துணியை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, "வியாழக்கிழமை வா"ன்னார். அந்தப் பிள்ளை கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போச்சு. எனக்கு அவர் மேல கோபம் கோபமா வந்துது. வர்றேன்னு ஒரு வார்த்தை சொன்னா இவருக்கு என்ன குறைஞ்சா போயிடும்?

ஆனா அவர் அந்தக் கொடியைத் தைச்சதையும் சொல்லணும். சோறு தண்ணி மறந்து தைச்சார். எங்க கடையில அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்ல. வியாழக்கிழமை மத்தியானம் கடைசி இலையையும் முடிச்சுத் துணியை மாஸ்டர் முன்னால வச்சார்.

"ஜெனோவா வந்தா கொடுத்துடுங்க. கல்யாணத்துக்கு நான் வரலன்னும் சொல்லிடுங்க."

"ஏன் அண்ணே?"

"மூத்தவன் நான். அவன்தானே வந்து கூப்பிடணும்? வரல. நானும் வெட்டிக்கிட்டு வந்தவன். வெட்டினது வெட்டினதுதான்."

மாஸ்டர் துணியைப் புரட்டி, ஒவ்வொரு இலையா நகத்தால தடவிக்கிட்டே வந்தா. கடைசி இலையில நகம் நின்னுட்டுது.

"இதுல திரும்பிப் போகலியே அண்ணே. ஒட்ட வெட்டியிருக்கீங்க."

அண்ணன் குனிஞ்சு பார்த்தார். முகம் சுருங்கிப்போச்சு.

"ஏதோ நினைப்புல விட்டுட்டேன். வேர்வையில கை உரசினாலே உருவிடுமே. அந்தப் பிள்ளை கோயில்ல நிக்கும்போதே போயிடுமே."

"போயிடும்"னா மாஸ்டர்.

"வெட்டினதுக்குப் பிறகு ஏதாவது பண்ண முடியுமா?"

"முடியும். அந்த இலையில கொஞ்சத்தைப் பிரிக்கணும். பிரிச்சாத்தான் பிடிக்க நூல் கிடைக்கும்."

"கொடியிலேயே அதுதான் நல்லா விழுந்த இலை மாஸ்டர்."

"ஆமா அண்ணே. நல்லா விழுந்திருக்கு."

சொல்லிட்டுக் கத்தரியை எடுத்துத் தன் பக்கம் வச்சுக்கிட்டா. ஒரு ஊசியை அவர் பக்கம் தள்ளினா.

கஸ்பார் அண்ணன் துணியைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டார். பிறகு கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, ஊசி முனையால தையலை ஒவ்வொண்ணாக் கிளப்பினார். பாதி இலை போச்சு. பிரிஞ்ச நூலைத் துணியோட படிய வச்சு, புது நூலை அது மேலேயே ஓட்டி, இலையைத் திரும்ப நிறைச்சார். முன்ன மாதிரி அத்தனை நல்லா விழல. நுனியில வளையத்தைப் பின்னால இழுத்துக் குத்தினார். கத்தரிக்குக் கையை நீட்டினார். மாஸ்டர் கொடுத்தா.

துணியைக் காகிதத்துல சுத்திக் கக்கத்துல வச்சுக்கிட்டு எழுந்தார்.

"ஜெனோவா இங்கதானே வருவா?"ன்னேன் நான்.

"இந்நேரம் சந்தியாகு கரையில வலை கழுவிக்கிட்டு இருப்பான்"னார்.

செருப்பை மாட்டினவர் வாசப்படியிலேயே நின்னுட்டார். புயல்ல வள்ளம் ஓட்டின மனுஷனுக்கு ஒரு வாசப்படியைத் தாண்ட முடியல. நான் கண்ணால பார்த்தேன்.

"மாஸ்டர், அவன் முன்னால போய் நின்னு என்னத்தைப் பேச?"

மாஸ்டர் அடுத்த துணியை வளையத்துல மாட்டிக்கிட்டு இருந்தா. தலையை நிமிர்த்தல.

"கடைசியா என்ன சொல்லிட்டு வந்தீங்களோ, அதுக்கே திரும்பிப் போய் அதுலேர்ந்து பேசுங்க அண்ணே."